வெடித்த மண்ணும் வெடிப்பில்லாத கணக்கும்



சித்திரை மாதத்துக் கரிசல் காட்டை நம்மில் பலரும் மறந்திருக்க மாட்டோம். கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர்ப் பக்கத்தில் பிறந்து, பிழைப்புக்காக ரயிலேறி வடக்கே வந்தவர்கள் அந்த மண்ணை மிதித்து வளர்ந்தவர்கள். ஐப்பசியில் காலை விடாமல் பிடித்துக்கொள்ளும் அதே மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். கைதவறி விழுந்த காசைத் திரும்ப எடுக்க முடியாது. கோடை மழை ஒரு பாட்டம் அடித்தால் தண்ணீர் மேலே தேங்குவதில்லை. வெடிப்பைத் தேடி ஓடி, கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே இறங்கிவிடும். இதை நமக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை. ஆடு மேய்த்த பையனுக்கும் தெரிந்த சங்கதி இது.

ஆடு மேய்த்த பையனுக்குத் தெரிந்தது பெரிய பெரிய நிபுணர்களுக்குத் தெரியாமல் போனது எப்படி? தெரியாமல்தான் போனதா, அல்லது தெரிந்துகொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டார்களா? இந்தக் கேள்வியோடுதான் போபால் நகரத்துத் தண்ணீரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறோம். போபாலும் கரிசல் பூமிதான்.

ஒரு விஷம், இரண்டு கணக்கு

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் நடந்ததை உலகமே அறியும். யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து வெளியேறிய விஷவாயு ஆயிரக்கணக்கான உழைக்கும் மக்களைக் கொன்றது. அது காற்றில் வந்த சாவு. மண்ணுக்குள் இறங்கி, கைப்பம்பு வழியாகத் திரும்பி வந்த விஷத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

அந்த ஆலை 1969-இல் தொடங்கியது. அன்று முதல் கழிவு ரசாயனங்களை வளாகத்துக்குள்ளேயே பல இடங்களில் குழிகளில் கொட்டினார்கள். 1977-இல் வளாகத்துக்கு வெளியே சுமார் 32 ஏக்கரில் ஆவியாதல் குளங்கள் வெட்டி, பிளாஸ்டிக் விரித்து, அதில் கழிவு நீரை விட்டார்கள். அந்தக் குளங்கள் கசிகின்றன என்பது 1982-இலேயே கம்பெனிக்குத் தெரியும். பின்னாளில் அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் வெளிவந்த கம்பெனிக் காகிதங்களே இதைச் சொல்கின்றன. 1989-இல் கம்பெனி தானே எடுத்துச் சோதித்த மாதிரிகளில் விட்ட மீன்கள் செத்ததும் அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது. ஊராருக்கு ஒரு வார்த்தை சொன்னார்களா? இல்லை.

1997-இல் நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், நீரி என்று சுருக்கமாகச் சொல்கிறார்களே, அது ஓர் அறிக்கை தந்தது. வளாகத்து மண்ணில் ரசாயனம் இருக்கிறது, ஆனால் கவலை வேண்டாம், அது நிலத்தடி நீரைப் போய்ச் சேர 23 ஆண்டுகள் ஆகும் என்றது அறிக்கை. களிமண்ணுக்குள் தண்ணீர் அவ்வளவு மெதுவாகத்தான் இறங்கும் என்பது கணக்கு.

அதே அறிக்கையைப் படித்துப் பார்க்கக் கார்பைடு கம்பெனி தன் செலவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியது. ஆர்தர் டி. லிட்டில் என்பது அதன் பெயர். கம்பெனியிடம் கூலி வாங்கும் அந்த நிறுவனமே என்ன எழுதியது தெரியுமா? நிலைமை மோசமாக இருந்தால் 23 ஆண்டு அல்ல, 2 ஆண்டிலேயே விஷம் நீர்மட்டத்தை எட்டிவிடலாம் என்று எழுதியது.

23 எங்கே, 2 எங்கே! ஒரே மண், ஒரே விஷம். நடுவிலே காணாமற்போன 21 ஆண்டுகள் யாருடைய வயிற்றுக்குள் போயின?

இன்னொன்றும் கேட்கிறோம். 23 ஆண்டு என்பதே சரி என்று வைத்துக்கொள்வோம். கொட்டத் தொடங்கியது 1969. அதோடு 23-ஐக் கூட்டினால் 1992. அறிக்கை வந்ததோ 1997. அவர்கள் கணக்குப்படியே விஷம் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீரில் கலந்திருக்க வேண்டும்! இந்தக் கூட்டலைப் போடுவதற்குப் பட்டம் வேண்டுமா?

கணக்கு எங்கே பொய்த்தது?

மண்ணுக்குள் தண்ணீர் எப்படி நகர்கிறது என்பதற்கு ஒரு விதி உண்டு. 1856-இல் ஆன்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் மணல் நிரப்பிய குழாயில் தண்ணீரை விட்டு அளந்து கண்டுபிடித்தது. நல்ல விதி. இன்றும் செல்லும். ஆனால் அது ஒரே சீரான மணலுக்குச் சொன்னது. வெடித்த மண்ணுக்கு அப்படியே பொருத்தினால் ஏமாந்துபோவோம்.

ஏன் என்று கேளுங்கள். வெடிப்பே இல்லாத நல்ல இறுகிய களிமண்ணில் தண்ணீர் ஒரு வினாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் ஊடுருவும். ஆண்டுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர். நத்தை கூடச் சிரிக்கும் வேகம். இப்போது அதே களிமண்ணில் ஒரு மீட்டருக்கு ஒன்று வீதம், தலைமுடி கனத்துக்கு, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலத்தில், வெடிப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு முடியளவு வெடிப்பு, ஒரு மீட்டர் களிமண் முழுவதும் சேர்ந்து கடத்தும் தண்ணீரைவிடச் சுமார் 800 மடங்கு தண்ணீரைக் கடத்தும். வெடிப்பின் அகலம் இரட்டித்தால் தண்ணீர் இரட்டிப்பதில்லை, எட்டு மடங்காகிறது. மூன்று மடங்கு அகலமானால் 27 மடங்கு. இது பாடப்புத்தகத்தில் உள்ள விதி. நாம் கற்பனை செய்து சொல்வதல்ல.

அப்படியானால் நிபுணர்கள் அளக்கும்போது இந்த வெடிப்பு ஏன் சிக்குவதில்லை? அவர்கள் அளக்கும் முறையைப் பாருங்கள். ஒரு சாண் அளவு மண்ணை உருளையாக எடுத்து, ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அதில் தண்ணீர் விட்டு அளக்கிறார்கள். மீட்டருக்கு ஒரு வெடிப்பு என்றால் 10 சென்டிமீட்டர் உருளையில் அது அகப்பட பத்தில் ஒரு வாய்ப்புத்தான். அகப்பட்டாலும், உருளை உடைந்துபோயிற்று என்று வீசிவிட்டு, உடையாத நல்ல கட்டியாகப் பார்த்து எடுத்துப் போவார்கள்! துளை போட்டுப் பார்ப்பவர்களோ நேர் செங்குத்தாகத் துளைக்கிறார்கள். வெடிப்பும் செங்குத்து, துளையும் செங்குத்து. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் போகுமே தவிரச் சந்திப்பதில்லை.

அமெரிக்கப் பொறியாளர் டேவிட் டேனியல் இதை எழுதியது 1984-இல். கழிவுக் குட்டைகளுக்கு அடியில் போட்ட களிமண் படுகைகளைக் களத்திலே அளந்து பார்த்தால், ஆய்வகம் சொன்ன அளவைவிட 10 முதல் 1000 மடங்கு வேகமாகத் தண்ணீர் இறங்குகிறது என்று காட்டினார். போபாலில் வாயு கசிந்த அதே ஆண்டு! பதின்மூன்று ஆண்டு கழித்து 23 ஆண்டுக் கணக்குப் போட்டவர்கள் கைக்கு அந்தச் சங்கதி எட்டவில்லை என்றால் நம்பச் சொல்கிறார்களா?

"மழையில் வெடிப்பு மூடிக்கொள்ளும்"

இப்படி ஒரு சமாதானம் சொல்வார்கள். கரிசல் மண் நனைந்தால் ஊதும், வெடிப்பு அடைத்துக்கொள்ளும், பிறகு பயமில்லை என்பார்கள். பாதி உண்மை.

மேலே அடைத்துக்கொள்ளும், வாஸ்தவம். ஆனால் அடைப்பதற்கு முன் முதல் மழை கொண்டுபோக வேண்டியதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. குப்பையில் எட்டு மாதம் காய்ந்து கிடந்த விஷத்தை அள்ளிச் செல்வதும் அதே முதல் மழைதான். ஆழத்தில் உள்ள பழைய வெடிப்புகள், செத்த மரங்களின் வேர் விட்டுப்போன துளைகள், இடையிடையே ஓடும் மணல் கீற்றுகள் இவையெல்லாம் முழுவதும் அடைவதில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. களிமண் ஊதுவது தண்ணீருக்கு. செறிந்த ரசாயனக் கரைப்பான்களுக்கு அது ஊதாது, சுருங்கும். சுருங்கினால் வெடிக்கும். கரைப்பான் பட்ட களிமண்ணில் புதிய வெடிப்புகள் உண்டாகி ஊடுருவல் பல நூறு மடங்கு கூடுவதை 1980-களின் தொடக்கத்திலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். விஷம் தன் பாதையைத் தானே வெட்டிக்கொள்கிறது! போபால் கிணறுகளில் அகப்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோஃபார்ம், டைகுளோரோபென்சீன் போன்றவை தண்ணீரைவிடக் கனமானவை. எண்ணெய் மாதிரி மேலே மிதக்காது. வெடிப்பு எங்கே கொண்டுபோகிறதோ அங்கே வரை மூழ்கிப் போகும்.

"சோதித்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை"

இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. இதை எழுதுகிறவன் குடியிருக்கும் தொழிற்பேட்டை ஓரத்துக் குடியிருப்பிலும் நடந்தது. ஊர்ப் பெயரும் அலுவலகப் பெயரும் இங்கே தேவையில்லை. கைப்பம்புத் தண்ணீரில் ரப்பர் எரிந்த மாதிரி வாடை வருகிறது என்று பெண்கள் ஒன்றுகூடி மனுக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, மே மாதத்து உச்சி வெயிலில், ஒரு சிப்பந்தி வந்தார். ஒரே ஒரு பம்பில் ஒரே ஒரு பாட்டில் பிடித்தார். "குடிக்கத் தகுந்தது" என்று காகிதம் வந்தது. ஜூன் கடைசியில் முதல் மழை பெய்தது. மூன்றாம் நாள் அதே பம்பில் அதே வாடை. காகிதத்தைக் காட்டி, "அம்மா, இதைப் படிச்சுச் சொல்லுங்க, இது எந்த மாசத்துத் தண்ணி?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

அந்த அக்காவின் கேள்வி விஞ்ஞானக் கேள்வி. வெடித்த மண்ணில் விஷம் ஒரே சீராகப் பரவுவதில்லை. ஒரு கிணறு வெடிப்பின் மேல் விழுந்திருக்கும். பத்தடி தள்ளி உள்ள இன்னொன்று விழுந்திருக்காது. ஒன்றில் விஷம், இன்னொன்றில் நல்ல தண்ணீர். ஒரு பாட்டிலைக் கொண்டு ஒரு பேட்டையையே சுத்தம் என்பது, ஒரு சோற்றைப் பதம் பார்ப்பதல்ல; ஒரு வீட்டு அடுப்பைப் பார்த்து ஊரெல்லாம் சாப்பிட்டாயிற்று என்று சொல்வது!

காலமும் ஏமாற்றும். வெடிப்பில் ஓடும் விஷம் இரு பக்கத்து மண்ணுக்குள்ளும் மெல்ல மெல்ல ஊறி ஒளிந்துகொள்கிறது. சில காலம் தண்ணீரை இறைத்துக் கொட்டினால் வெடிப்பு சுத்தமாகும். சோதனையும் நன்றாக வரும். பம்பை நிறுத்தியதும் மண் தான் குடித்ததைச் சொட்டுச் சொட்டாகக் கக்கத் தொடங்கும். பத்தாண்டு, இருபதாண்டு, அதற்கு மேலும் கக்கும்.

போபாலில் மக்கள் அமைப்புகள் 1990-இலேயே பாஸ்டன் நகரத்து ஆய்வகம் ஒன்றுக்கு மாதிரி அனுப்பி, ரசாயனம் இருப்பதைக் காட்டின. 1999-இல் கிரீன்பீஸ் காட்டியது. 2009-இல் டில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் ஆலையிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளியும் பூச்சிக்கொல்லிகளைக் கண்டது. சர்க்காரே கைப்பம்புகளுக்குச் சிவப்புச் சாயம் பூசிக் குடிக்காதே என்றது. மாற்றுத் தண்ணீர் போதிய அளவு வராததால் மக்கள் சிவப்புப் பம்பிலேயே குடித்தார்கள். குழாய் நீர் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது 2004-இல்.

கக்கூஸ் குழியும் கைப்பம்பும்

இது போபால்காரர்கள் கவலை, நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆலை இல்லாத இடத்திலும் இதே வெடிப்பு நம் வீட்டுக்குள் வருகிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வெடித்த களிமண்ணில் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்து 1993-இல் வெளியிட்டார்கள். சாதாரண உப்பு வகை ஒன்றையும், மனிதருக்குத் தீங்கு செய்யாத நுண்கிருமி ஒன்றையும் சேர்த்து விட்டார்கள். எது முந்தியது தெரியுமா? கிருமிதான்! உப்பு கரைந்து பக்கத்து மண்ணுக்குள் ஊறித் தாமதித்தது. கிருமி பெரியது, மண்ணுக்குள் நுழைய முடியாமல் வெடிப்பிலேயே நேராக ஓடிவிட்டது. மண் கிருமியை வடிகட்டிவிடும் என்று நாம் நம்பியிருக்கிறோமே, அந்த நம்பிக்கை வெடித்த மண்ணில் செல்லாது.

அதே மாகாணத்து வாக்கர்டன் ஊரில் 2000 மே மாதம் கனமழைக்குப் பின் மாட்டுச் சாணக் கிருமி, வெடிப்புள்ள பாறை வழியே ஊர்க் கிணற்றுக்குள் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள்; சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். பணக்கார நாட்டில், குழாய் நீர் குடித்தவர்களுக்கு அந்தக் கதி. கக்கூஸ் குழிக்குப் பத்தடி தள்ளிக் கைப்பம்பு வைத்திருக்கும் நமக்கு? முதல் மழைக்குப் பின் நம் சந்துகளில் வாந்தி பேதியும் மஞ்சள் காமாலையும் வரும்போது மாரியம்மாள் கோபம் என்று சொல்லிக்கொண்டிருக்கப் போகிறோமா? மழை தொடங்கிய முதல் சில வாரங்களுக்காவது தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆலை விஷம் போகாது. பாதரசத்தையும் குரோமியத்தையும் எந்த அடுப்பும் எரிக்காது.

"அங்கே போய் ஏன் குடியேறினீர்கள்?"

கடைசியாக இந்த வாதத்தை எடுப்பார்கள். விஷ நிலம் என்று தெரிந்தும் ஆலைச் சுவர் ஓரத்தில் ஏன் குடிசை போட்டீர்கள்? போபாலில் அடல் அயூப் நகர்வாசிகளைக் கேட்டார்கள். நம்மையும் கேட்கிறார்கள்.

ஐயா, நாங்கள் நிலம் பார்த்து வரவில்லை. கூலி பார்த்து வந்தோம். கூலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆலை இருக்கிறது. ஆலை எங்கேயோ அங்கேதான் அதன் கழிவும். கோலார் தங்கவயலுக்கு வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் பாட்டன்மார் பூமிக்குள் 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டுப் போனார்கள். தங்கம் போயிற்று, சயனைடு மண்மேடு நம் லைன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதற்கு அடியில் இருப்பது பாறை. பாறைக்கும் வெடிப்பு உண்டு. இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. அங்கேயும் அடியில் வெடிப்புப் பாறைதான். குடியேறியது நம் குற்றம் என்றால், நாம் குடியேறாமலே விஷம் குடியேறிய இராணிப்பேட்டைக் கிராமத்தான் செய்த குற்றம் என்ன?

2025 ஜனவரியில் போபால் வளாகத்திலிருந்து 337 டன் கழிவைப் பீதம்பூருக்கு ஏற்றிப்போய் அந்த ஆண்டு ஜூன் மாதத்துக்குள் எரித்து முடித்தார்கள். நாற்பதாண்டுக் களங்கம் தீர்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. 2010-இல் நீரியும் ஐதராபாத் புவி இயற்பியல் நிறுவனமும் சேர்ந்து தந்த அறிக்கையில் நஞ்சேறிய மண் என்று கணக்கிடப்பட்டது 11 லட்சம் டன்! மூட்டையில் கட்டியிருந்தது போயிற்று. வெடிப்புக்குள் போனதை எந்த லாரியில் ஏற்றினார்கள்?

நாம் கேட்க வேண்டியவை

சாதாரண ஊர்க்குப்பையைக் கொட்டும் இடத்துக்கே 2000-ஆம் ஆண்டு விதிகள் என்ன சொல்லின? 90 சென்டிமீட்டர் இறுக்கிய களிமண், அதன் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு, இரண்டும் சேர்த்து வேண்டும் என்றன. களிமண்ணை மட்டும் நம்பக்கூடாது என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரியும்! வீட்டுக் குப்பைக்குப் பிளாஸ்டிக். ஆலை விஷத்துக்கு வெறும் மண் போதுமா?

1996-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் தந்தது. ராஜஸ்தானத்துப் பிச்ரி கிராமத்தின் கிணறுகள் ரசாயன ஆலைகளால் கெட்ட வழக்கில், கெடுத்தவனே செலவு முழுவதையும் ஏற்க வேண்டும் என்றது. நம் வட ஆர்க்காட்டுத் தோல் பதனிடும் ஆலைகள் மீது வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆலைக்காரனுடையது என்றது. அதைப் பிடித்துக்கொண்டு நாம் கேட்போம்.

முதலாவது, சோதனை முடியட்டும் என்று காத்திருக்கச் சொல்லாதே. சந்தேகம் வந்த அன்றே குழாய் நீர் கொடு. இரண்டாவது, கோடையில் ஒரு முறையும் முதல் மழைக்குப் பின் ஒரு முறையும், ஒவ்வொரு பம்பிலும் சோதனை செய். முடிவை மக்கள் படிக்கும் மொழியில் பம்பின் மேலேயே ஒட்டு. மூன்றாவது, ஒரு சாண் உருளையைக் காட்டி ஏமாற்றாதே; குழி வெட்டி மண்ணைத் திறந்து காட்டு, சாய்வாகத் துளை போடு, சாயமும் உப்பும் விட்டு எத்தனை நாளில் எங்கே வருகிறது என்று எங்கள் கண் முன்னே அள. நான்காவது, செலவை விஷம் கொட்டியவனிடம் வாங்கு. எங்கள் வரியில் கழுவாதே.

தோழர்களே! நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் அல்ல. பாதி விஞ்ஞானத்துக்கு விரோதிகள். சராசரி எடுத்து வெடிப்பை மறைக்கும் கணக்குக்கு விரோதிகள். சமுதாயத்திலும் இதே கணக்குத்தான் போடுகிறார்கள்: நாட்டின் சராசரி வருமானம் உயர்ந்தது என்பார்கள், விரிசலுக்குள் விழுந்தவன் கணக்கில் வருவதில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு சந்திலிருந்தும் பம்புகளின் பட்டியல் கொண்டுவாருங்கள். எது எப்போது வாடை அடித்தது, எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய், எந்த மழைக்குப் பின் என்று பெண்களிடம் கேட்டு எழுதி வாருங்கள். நிபுணர் எடுக்காத மாதிரியை நாமே எடுப்போம். கரிசல் வெடிப்பைக் கண்ணால் பார்த்து வளர்ந்த ஜனங்களுக்கு, வெடிப்பே இல்லை என்று எவனும் காகிதம் நீட்ட முடியாது!